செல்லாரோண்டா சுற்று: பதினோரு மணிக்குக் கிளம்பினால் போதுமா?

கேள்வி | நவம்பர் 4, 2025

ஜனவரி 24 சனி முதல் 31 சனி வரை இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில், செல்வா ஊரில் பனிச்சறுக்குக்காகத் தங்குகிறோம். நாலு பேர், அதில் ஒருவனுக்கு 12 வயது. சென்னையிலிருந்து மியூனிக் வரை விமானம். குல்மார்க்கில் பழகியவர்கள்தான், சிவப்புத் தடம் (நடுத்தரக் கடினம்) வரை எல்லாருக்கும் சறுக்க வரும். செல்லாரோண்டா வளையத்தில் சறுக்கும் தூரம் 26 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 20 கி.மீ. வேகம் என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பலாம் என்பது என் கணக்கு. சரிதானே?

நவம்பர் 4, இரவு

தப்பு. பதினோரு மணிக்குக் கிளம்பினால் நீங்கள் கடைசி லிஃப்டைத் தவறவிட்டு வேறு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது.

செல்லா என்ற பாறைக்கோட்டையை நாலு கணவாய்கள் வழியாகச் சுற்றிவருவதுதான் இந்த வளையம்: கார்டேனா (2121 மீ.), காம்போலோங்கோ (1875 மீ.), போர்தோய் (2239 மீ.), செல்லா (2200 மீட்டருக்குச் சற்று மேல்). மேலே ஏற்றும் லிஃப்ட்களின் தூரத்தையும் சேர்த்தால் சுற்று ஏறக்குறைய 40 கி.மீ. லிஃப்டில் உட்கார்ந்திருப்பதற்கு மட்டுமே சுமார் இரண்டு மணி நேரம் போய்விடும். வரிசையில் நிற்பது தனி. கோண்டோலா (மூடிய கூண்டு லிஃப்ட்) வரும் இடத்திலெல்லாம் ஸ்கீயைக் கழற்றி, தோளில் போட்டுப் படியேறி, வெளிப்பக்கக் கூட்டில் செருகி, மேலே போனதும் எடுத்து மாட்ட வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் நாலு பேர் குழுவுக்கு அது ஏழெட்டு நிமிடம், ஏனென்றால் கடைசி ஆள் மாட்டும் வரை எல்லாரும் நிற்பீர்கள்.

சாப்பாட்டோடு சேர்த்து ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 10 மணிக்குள் தொடங்கு, கடைசிக் கணவாயை 15:30-க்குள் தாண்டு என்பதுதான் அங்கே எல்லாரும் சொல்லும் விதி. கி.மீ. கணக்கை விட்டுவிட்டுக் கணவாய்க் கணக்குப் போடுங்கள்.

நவம்பர் 4, அதற்குச் சற்றுப் பின்

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அராப்பா என்ற ஊர், வளையத்தில் செல்வாவுக்கு நேர் எதிர்மூலை. சாலையில் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கம் போர்தோய், செல்லா. மறுபக்கம் காம்போலோங்கோ, கார்டேனா. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு கணவாய் ஏறி இறங்கியாக வேண்டும். கடும்பனி பெய்தால் அந்தச் சாலைகளை மூடிவிடுவார்கள், அப்போது மலையை வெளியிலிருந்து சுற்றிவர வேண்டும். வாடகைக் கார்க்காரர் நள்ளிரவு ரேட் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 5

நேரப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். கடிகாரச் சுற்றுக்கு (ஆரஞ்சு அம்பு), செல்வாவிலிருந்து:

8:45 தாந்தெர்செப்பியெஸ் கோண்டோலா அடிவாரம். இது உங்களைச் சுமார் 2300 மீட்டருக்குத் தூக்கி, கார்டேனா கணவாய்க்கு மேலேயே இறக்கிவிடும்.
9:45 கோல்ஃபோஸ்கோ வழியாகக் கோர்வாரா. நடுவில் தட்டையான நிலத்தில் போரெஸ்ட் என்ற இணைப்பு லிஃப்ட்.
10:00 கோர்வாராவில் போயே கோண்டோலா. பிறகு காம்போலோங்கோ வழியாக இறக்கம்.
11:15 அராப்பா. உடனே போர்த்தா வெஸ்கோவோ (2478 மீ.) ஏறுங்கள், கீழே நின்று காபி குடிக்க வேண்டாம்.
12:30 பொன்ட் தெ வோஸ் வழியாகப் போர்தோய் பக்கம். சாப்பாடு இங்கே.
13:45 பெல்வெதெரே சரிவு இறங்கி லூப்போ பியாங்கோ.
14:30 செல்லா கணவாய்.
15:15 பிளான் தெ கிரால்பா வழியாக வீடு.

முடிவெடுக்கும் இடம் கோர்வாரா. அங்கே மணி 10:45-ஐத் தாண்டியிருந்தால் சுற்றைக் கைவிடுங்கள். ஒரே ஒரு கணவாய்தான் பின்னால் இருக்கிறது. போரெஸ்ட், பிறகு பிளான்ஸ்–ஃப்ராரா கோண்டோலா என்று நிதானமாகத் திரும்பலாம், நடுவில் கோர்வாராவிலேயே அரைநாள் சறுக்கலாம். அராப்பாவை அடைந்துவிட்டால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தொல்லைதான்.

கனாசேய் ஊருக்குள் வளையம் இறங்காது, மேலேயே கடந்துபோகும். வரைபடத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு அங்கே சாப்பிடலாம் என்று இறங்கினால் மறுபடி கோண்டோலாவில் ஏறி வர வேண்டியிருக்கும்.

நவம்பர் 6

"பச்சை என்றால் சுலபமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஆரஞ்சும் பச்சையும் வளையத்தின் அம்புக்குறி நிறம், திசையை மட்டும் சொல்லும்: ஆரஞ்சு கடிகாரத் திசை, பச்சை எதிர்த்திசை. கடினத்தைச் சொல்வது தடத்தின் நிறம்: நீலம், சிவப்பு, கறுப்பு.

நவம்பர் 8

பயணம். சனிக்கிழமை ஆளாளுக்கு ஊர் மாறும் நாள். விடுதிகள் சனி முதல் சனி வரை என்றே வாரத்தைக் கொடுப்பதால், ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குள் போகும் பிரென்னர் பாதையில் அன்று இரு திசையிலும் நெரிசல். போதாததற்கு ஆஸ்திரியப் பக்கத்தில் லூயெக் பாலத்தின் நிலை காரணமாக 2025 ஜனவரியிலிருந்து அதில் ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம்; நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில் மட்டும் இரண்டு. கார்தான் என்றால் விடியுமுன் மியூனிக்கைத் தாண்டுங்கள். ஆஸ்திரிய நெடுஞ்சாலை வில்லை (கட்டணச் சீட்டு), பிரென்னருக்குத் தனிச் சுங்கம், இத்தாலிய நெடுஞ்சாலைக்கு இன்னொரு சுங்கம் என்று மூன்று செலவு. குளிர்காலச் சக்கரம் கட்டாயம். வாடகைக் காரில் சக்கரத்துக்கான பனிச்சங்கிலி இருக்கிறதா, எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் இடம் கியூஸா–வால் கார்டேனா.

நாலு பேருக்கு ரயில்தான் மேல். மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக், பிரென்னர் வழியாக யூரோசிட்டி ரயில் சுமார் இரண்டு மணிக்கு ஒன்று. போல்ட்ஸானோவில் இறங்கிப் பேருந்து பிடியுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரின் பெரிய நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. எஸ்8 புறநகர் ரயிலில் ஏறி மியூனிக் ஓஸ்ட் நிலையத்தில் இறங்கினால் போதும், யூரோசிட்டி அங்கேயும் நிற்கும். பெட்டியும் பையுமாக நடக்கும் தூரம் மிச்சம்.

நவம்பர் 9

நேற்றைய குறிப்பில் திருத்தம். போல்ட்ஸானோ வரை போகாதீர்கள், அது செல்வாவைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. அதற்கு முந்தைய நிறுத்தமான ப்ரெஸ்ஸனோனேயில் இறங்கினால் வந்த வழியே திரும்பும் நேரம் மிச்சமாகும். அங்கிருந்து செல்வா இருக்கும் வால் கார்டேனா பள்ளத்தாக்குக்குப் பேருந்து உண்டு. அல்லது உள்ளூர் ரயிலில் பொன்தே கார்டேனா வரை போய் அங்கே பேருந்து.

இன்னொன்று. இந்தப் பகுதியில் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று பெயர். ஜெர்மன் ரயில் செயலியில் ப்ரெஸ்ஸனோனே என்று தேடினால் குழம்புவீர்கள், ப்ரிக்ஸன் என்று தேடுங்கள். போல்ட்ஸானோ = போட்ஸென். செல்வா = வோல்கென்ஸ்டைன். கோர்வாராவில் லதின் என்ற உள்ளூர் மொழிப் பலகையும் சேர்ந்துகொள்ளும். பேருந்தின் நெற்றியில் எந்தப் பெயர் வந்தாலும் தெரிகிற மாதிரி எல்லாப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

செல்வா இருக்கும் தென் டிரோல் மாகாணத்து விடுதிகள் பலவும் உள்ளூர்ப் பேருந்து, ரயிலுக்கான விருந்தினர் அட்டையைக் கட்டணமில்லாமல் தருகின்றன. வந்து இறங்கிய பிறகு கேட்காதீர்கள். முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கினால் வருகிற அன்றே பயன்படும்.

நவம்பர் 10

விசா பற்றித் தனியாக. மியூனிக்கில் இறங்குவதால் ஜெர்மன் விசா கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள். கூடாது. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டு விசா. ஏழு இரவும் இத்தாலி என்றால் இத்தாலி விசாவுக்குத்தான் விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட வேண்டும். ஜனவரிப் பயணத்துக்கு இந்த வாரமே போடுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. ஆனால் விசாவுக்காக வாங்கும் மலிவு காப்பீட்டுப் பத்திரம் பலவற்றில் குளிர்கால விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஸ்கீ விபத்து, தடத்திலிருந்து தூக்கி வருவது, ஹெலிகாப்டர், மூன்றும் எழுதியிருக்க வேண்டும்.

எல்லையில் விரல்ரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்திருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும். விமானம் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் என்று பதிவு செய்யாதீர்கள்.

நவம்பர் 11

பையனுக்கு மட்டும் ஹெல்மெட் வாங்கினால் போதும் என்று கீழே ஒருவர் எழுதியிருப்பது பழைய சட்டம். 18 வயதுக்குக் கீழே என்றிருந்ததை மாற்றி, 2025 நவம்பர் 1 முதல் இத்தாலியில் எல்லா வயதுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதுபோல 2022 ஜனவரி 1 முதல் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். தடத்தில் போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள். இல்லையென்றால் அபராதம், லிஃப்ட் பாஸும் போகும். பாஸ் வாங்கும்போதே நாள் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பயணக் காப்பீட்டில் இது ஏற்கெனவே இருந்தால் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சான்று எடுத்துப் பையில் போடுங்கள்.

மலைக்குடிலில் வைன் எடுப்பவர்களுக்கு: காரோட்டிக்குப் போலவே சறுக்குபவருக்கும் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை.

நவம்பர் 13

வாடகை பூட்ஸ். வாரத்தையே கெடுப்பது பெரும்பாலும் பனியல்ல, பூட்ஸ்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

அளவு பாதத்தின் நீளம், செ.மீ.யில். கடைக்காரர் கேட்கும் செருப்பு எண்ணைச் சொல்லாதீர்கள், சுவரில் குதிகால் ஒட்டி நின்று வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நிற்கும்போது கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்கிச் சுவரை விட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போதே விரல் தாராளமாக ஆடினால் ஓர் அளவு பெரிது. முதல் ஐந்து நிமிடம் பெரிது சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் குதிகால் உள்ளே எழும்பி எழும்பித் தோல் உரிந்திருக்கும், ஸ்கீயும் சொன்ன பேச்சைக் கேட்காது. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். உள்பேன்டின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக் கூடாது. அந்த ஒரு மடிப்பு மதியத்துக்குள் கணுக்காலில் கோடு போட்டுவிடும்.

பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டு) கழலும் எண்ணைக் கடைக்காரர் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், திறமை ஐந்தையும் வைத்துப் போடுவார். திறமையைக் கூட்டிச் சொன்னால் எண் ஏறும், விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் திருகும். உள்ளதைச் சொல்லுங்கள். அடிப்பகுதி வளைந்த கிரிப்வாக் பூட்ஸ் எல்லாப் பைண்டிங்கிலும் சேராது. பூட்ஸ் சொந்தம், ஸ்கீ வாடகை என்றால் அதைக் காட்டிக் கேளுங்கள்.

நவம்பர் 14

"குல்மார்க்கில் பழகியவர்கள்" என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நான் கவனிக்காமல் விட்டேன். அங்கே மென்பனி. டோலமைட்ஸ் ஆல்ப்ஸின் வறண்ட தெற்குப் பக்கம். தடங்களின் அடிப்படையே எந்திரப்பனி. இரவில் உருட்டிச் சமன்செய்த தடம் காலையில் நாட்டுப்புடவைக் கரை போல வரிவரியாக, கல் மாதிரி இறுகியிருக்கும். மதியத்துக்குள் கூட்டம் அதைச் சுரண்டிப் பனிக்கட்டியாக்கிவிடும். ஸ்கீயின் ஓரம் கூராக இல்லாவிட்டால் சிவப்புத் தடம் கறுப்பாகத் தெரியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓரம் தீட்டித் தருமாறு வாடகைக் கடையில் கேளுங்கள். முதல் நாளே சுற்றுக்குப் போகவும் வேண்டாம்.

நவம்பர் 16

அப்படியானால் முதல் நாள் எங்கே? ஞாயிறு கார்டேனா கணவாய் தாண்டி ஆல்டா பதியா மேட்டுநிலம்: பிரலோங்கியா, பிஸ் லா இலா. அகலமான நீலமும் மிதமான சிவப்பும். பையனின் வேகமும் தெரியும், திரும்பும் லிஃப்ட்களும் பழகும்.

திங்கள், நான் மிகவும் சிபாரிசு செய்யும் வழி: செல்வாவிலிருந்து சியம்பினோய் ஏறி, உலகக்கோப்பை ஓட்டம் நடக்கும் ஸஸ்லோங் தடத்தில் சாந்தா கிறிஸ்டினா. அது வடக்கு முகம், நிழல், காலையில் இறுகியிருக்கும். அகலம் இருப்பதால் பெரிய வளைவாகப் போகலாம். அடியில் நிலத்துக்குள் ஓடும் சிறு ரயிலில் பள்ளத்தாக்கின் மறுகரை. கோல் ரைஸர் கோண்டோலா, மேலே செசெதா (2518 மீ.). அங்கிருந்து லா லோங்கியா, 10 கி.மீ.க்கு மேல் ஒரே இறக்கமாக ஓர்திசேய் ஊர் வரை. பேருந்தில் வீடு. பேருந்தைப் பிடித்தால் போதும், கடைசி லிஃப்ட் பயம் கிடையாது என்பதுதான் இதன் அழகு. செவ்வாய் சுற்று.

நவம்பர் 17

சறுக்குபவர்களைக் குதிரை இழுத்துப் போவது உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. ஃபல்ஸாரெகோ கணவாயில் (2105 மீ.) கேபிள் கார் ஏறி லகஸுவோயில் இறங்கினால், லிஃப்டே இல்லாத மறைவுப் பள்ளத்தாக்கு வழியாக 8 கி.மீ.க்கும் மேல், ஆல்டா பதியா பக்கத்து ஆர்மென்தரோலா நோக்கி இறக்கம். இருபுறமும் செங்குத்துச் சுவர், உறைந்த அருவிகள் நீலமாகத் தொங்கும். கடைசியில் நிலம் தட்டையாகிவிடும். அங்கே இரண்டு குதிரை பூட்டிய வண்டி காத்திருக்கும், பின்னால் நீளமான கயிறு. கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். முழங்காலைத் தளர்த்தி, ஸ்கீயை இணையாக வைத்து, முன்னால் இருப்பவரின் ஸ்கீ வாலில் ஏறாத இடைவெளி விடுங்கள். ஒருவர் விழுந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் சரிவார்கள். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

செல்வாவிலிருந்து இது தூரம். போகும்போது சறுக்கியே ஆர்மென்தரோலா, அங்கிருந்து மோட்டார் வண்டியில் ஃபல்ஸாரெகோ. திரும்ப ஆல்டா பதியா முழுவதையும் கடந்து கார்டேனா கணவாய். ஆர்மென்தரோலாவை 14:00-க்குள் விட்டுக் கிளம்புவதாக வைத்தால்தான் நிம்மதி.

நவம்பர் 19

பச்சைச் சுற்று பற்றி முன்பு ஒரு வரியில் தள்ளிவிட்டேன். ஆரஞ்சில் போர்த்தா வெஸ்கோவோவின் வடமுகம் வருகிறது. மேல்பகுதி செங்குத்து, வெயில் படாது, ஜனவரியில் நன்றாக இறுகியிருக்கும். பச்சையில் அந்த முகட்டுக்கு ஏற வேண்டியதே இல்லை, போர்தோயிலிருந்து நேராக அராப்பாவுக்கு இறங்கிவிடலாம். உங்கள் குழுவில் சறுக்குவதில் மிகவும் மெதுவானவர் ஞாயிறன்று சிவப்பில் தடுமாறினால் செவ்வாய் பச்சை அம்பைப் பிடியுங்கள். கடைசிக் கணவாய் அப்போது கார்டேனா. பிளான்ஸ்–ஃப்ராரா கோண்டோலா அடிவாரத்தில் மாலை வரிசை சேரும் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

நவம்பர் 22

காற்று. சுற்றில் ஒரு லிஃப்ட் நின்றாலும் வளையம் அறுந்துவிடும். ஒவ்வொரு பெரிய அடிவாரத்திலும் ஆரஞ்சு, பச்சை இரண்டும் திறந்திருக்கிறதா என்று பலகையில் காட்டுவார்கள். கோர்வாராவிலும் அராப்பாவிலும் அதைப் பார்க்காமல் ஏறாதீர்கள். உயரத்தில் காற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று செசெதா, மறுநாள் சுற்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காக வாரத்தில் இரண்டு நாள் காலியாக விடுங்கள்.

பனிச்சரிவு அறிக்கை: டிரோல், தென் டிரோல், டிரென்டினோ மூன்றுக்கும் சேர்த்துத் தினமும் மாலை 5 மணிக்கு வரும், ஆபத்துக்கு 1 முதல் 5 வரை அளவு. அராப்பா பக்கம் வெனெதோ மாநிலம், அதற்குத் தனி அறிக்கை. தடத்துக்குள் இருக்கும் வரை உங்களுக்கு அது பின்னணித் தகவல். தடக்கம்பங்களுக்கு வெளியே மென்பனி ஆசை காட்டும், குல்மார்க் நினைவு வரும். பனியில் புதைந்தவரைக் கண்டறியும் உணர்கருவி, மண்வெட்டி, துழாவுகோல், வழிகாட்டி நாலும் இல்லாமல் ஓர் அடியும் வெளியே வைக்காதீர்கள். 12 வயதுப் பையன் உங்கள் தடத்தைப் பார்த்துத்தான் பின்னால் வருவான்.

நவம்பர் 25

பிப்ரவரியில் போகலாமா என்று கேட்கும் மற்றவர்களுக்கு: 2026 பிப்ரவரி 6 முதல் 22 வரை மிலான்–கோர்தினா ஒலிம்பிக்ஸ். ஃபல்ஸாரெகோவுக்குக் கிழக்கே இறங்கினால் கோர்தினாதான், பெண்கள் ஆல்பைன் போட்டிகள் அங்கே. கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 17, பவேரியப் பள்ளி விடுமுறையும் அதே வாரம். விலை, வரிசை, சாலை மூன்றும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி 7-க்குப் பிறகு மாதக் கடைசி வரை அமைதி. குளிர் கூடுதல், பகல் குட்டை, அவ்வளவுதான்.

நவம்பர் 27

சட்டைப்பையில் என்ன: லிஃப்ட் பாஸ் இடது பக்கப் பையில் தனியாக, பக்கத்தில் கைபேசி வேண்டாம், சில நேரம் கதவு படிக்காது. கைபேசி உள்சட்டையில், குளிரில் பேட்டரி சட்டென்று விழும். காகித வரைபடம் ஒன்று. கண்ணாடி இரண்டு வில்லை: மேகமூட்டத்துக்கு எஸ்1 (வெளிர்), வெயிலுக்கு எஸ்3 (கருமை). அவசர எண் 112. காயம்பட்டால் அவருக்கு மேல்பக்கம் இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாக நட்டுவிட்டு அழையுங்கள். தடத்தின் ஓரக் கம்பத்தில் தடஎண் இருக்கும், அதைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும்.

பையனுக்கு ஒரே விதி: பிரிந்துவிட்டால் அடுத்த லிஃப்டின் அடிவாரத்தில் நிற்க வேண்டும், தனியாக ஏறக் கூடாது. உங்கள் எண்ணும் விடுதிப் பெயரும் அவன் சட்டைக்குள்.

நவம்பர் 28

5-ஆம் தேதிப் பட்டியலை பையனையும் சேர்த்து நாலு பேருக்குமாகத் திருத்துகிறேன், அதில் ஸ்கீ கழற்றி மாட்டும் நேரத்தை நானே குறைத்துப் போட்டிருந்தேன். தாந்தெர்செப்பியெஸ் 8:30, திறக்கும்போதே. கோர்வாரா 9:45. அராப்பா 11:30. சாப்பாட்டைப் போர்தோய்க்குத் தள்ளாமல் போர்த்தா வெஸ்கோவோ உச்சியிலேயே 12:00-க்கு முடியுங்கள். அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும், மர்மோலதா பனிமுகம் நேர் எதிரே. 12:40-க்கு எழுந்துவிடுங்கள். போர்தோய் 13:20. லூப்போ பியாங்கோ 14:00. செல்லா 14:45. அதற்கு மேல் பெரும்பாலும் இறக்கம்தான், வெளிச்சமும் இருக்கும்.